கிளாடிஸ் வீட்டுத் தவக்காலம்

கிளாடிஸ் கையில் மைக்கைக் கொடுத்தவர்கள் அதைச் சுலபமாகத் திரும்ப வாங்கியதாகச் சரித்திரம் இல்லை. அதனால்தான் தூத்துக்குடியின் அந்தக் கடற்கரைத் தெருவில் மாதா கோயில் பங்குப் பேரவையும் படகுக்காரர் சங்கமும் மகளிர் குழுக்களும் கடைக்காரர்களும் ஒன்றுசேர்ந்து ‘இளையோர் போதைத் தடுப்புக் கூட்டமைப்பு’ ஆரம்பித்தபோது, தலைவி யார் என்று யாரும் கேட்கவே இல்லை. மைக் போன இடத்துக்கே பதவியும் போயிற்று.

விஷயம் என்னவோ பெரியதுதான். உதட்டுக்கடியில் ஒதுக்கிக்கொள்ளும் புகையிலைப் பொட்டணம் காலேஜ் பையன்களிடம் பரவிக் கிடந்தது. டீத்தூள் பை மாதிரிச் சின்னதாக இருக்கும்; வாய்க்குள் வைத்துக்கொண்டு பூசைக்கே வரலாம், வெளியே தெரியாது. கிளாடிஸ் ஊர்வலம் விட்டாள், உறுதிமொழி எடுக்க வைத்தாள், பேனர் கட்டினாள். பேனரில் மண்டையோட்டுப் படத்துக்குப் பக்கத்திலேயே தலைவியின் படமும் வந்துவிட்டது. “எது எதுன்னு ஒரு அம்புக்குறி போட்டிருக்கலாம்” என்று ஏஞ்சலின் சொன்னதாகத் தெருவில் பேச்சு.

ஏஞ்சலின் பஸ் ஸ்டாப் பக்கத்தில் தட்டுக்கடை போட்டு இட்லி, தோசை விற்பவள். ஒருகாலத்தில் கிளாடிஸுக்கு உயிர்த்தோழி. நாலு வருடத்துக்கு முந்தைய கிறிஸ்துமஸுக்குக் கிளாடிஸ் முந்திரி மக்ரூன் செய்து தெருவெல்லாம் கொடுத்தாள். ஏஞ்சலின் ஒன்றை வாயில் போட்டு, நாலு பேர் முன்னால் வைத்து, “ஏளா, இது முந்திரி இல்ல, நிலக்கடலைல்லா” என்றாள். தூத்துக்குடிக்காரியிடம் போய் மக்ரூனில் கடலை என்று சொன்னால் சும்மா விடுவாளா? அன்றோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின வாரம் கூட்டமைப்புக் கூட்டம் நடந்தது. மளிகைக்கடை சங்கரபாண்டியன் அண்ணாச்சி எழுந்தார். கூட்டமைப்பில் சேர்ந்ததும் தன் கடையில் பீடி சிகரெட்டைக்கூட நிறுத்திவிட்ட மனிதர்.

“பேனரு கட்டுனது போதும் தாயி. நம்ம பிள்ளைய நாம பாத்தா நமக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா அடுத்த வீட்டுப் பிள்ளைன்னா உச்சி முதல் உள்ளங்கால் வரைக்கும் தெரியுது. அதையே வேலையா வச்சிக்கிடுவோம். சீட்டுப் போட்டு ஆளுக்கு ஒரு பிள்ளைய எடுப்போம். கண்ணுல பட்டத அந்த வீட்டுல மட்டும் போய்ச் சொல்லணும். சொல்லுதவுககிட்ட சண்டைக்குப் போகக்கூடாது.”

எல்லோருக்கும் பிடித்துப்போனது. அடுத்த வீட்டைக் கவனிப்பது ஏற்கெனவே நடக்கிற வேலைதானே, இனிமேல் அதற்கு ஒரு மரியாதை. தூக்குச்சட்டியில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார்கள். கிளாடிஸின் ஒரே மகன் கிளைட்டனின் பெயர் ஏஞ்சலின் கையில் போய் விழுந்தது.

‘மாதாவே, ஊரில் வேறு கையே இல்லையா?’ என்று கிளாடிஸ் உள்ளுக்குள் பொருமினாள். கிளைட்டன் காலேஜில் முதல் வருடம் படிக்கிறான். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளை. அவன் அப்பா வில்பிரட் கப்பலில் வேலை பார்க்கிறார். போனில் வரும்போதெல்லாம் அவரிடமும் இதையேதான் சொல்வாள். இந்தப் பிள்ளையைப் பற்றி ஏஞ்சலின் என்ன இல்லாததைச் சொன்னாலும் எப்படிப் பதில் கொடுப்பது என்று, தோசைக்கு மாவாட்டிக்கொண்டே ஒத்திகை பார்த்தாள்.

தெருவில் திட்டம் அமர்க்களமாக நடந்தது. படகுக்காரர் லிங்கராஜின் மகன் பைக்கில் மூன்று பேராகப் போனதை மகளிர் குழுப் பேச்சி வந்து சொன்னாள். இன்னொரு பையன் சட்டைப்பையில் அந்தப் பொட்டணமே அகப்பட்டது. தகப்பன் நாலு நாள் தலைகுனிந்து திரிந்தாலும் பிள்ளை வழிக்கு வந்துகொண்டிருந்தான். கிளாடிஸ் வீட்டுக்கு மட்டும் ஒரு புகாரும் வரவில்லை. ஏஞ்சலின் வாயே திறக்கவில்லை.

“குத்தம் கண்டுபிடிக்க முடியலல்லா!” என்று கிளாடிஸ் பூரித்துப்போனாள். போதாக்குறைக்குத் தவக்காலம் தொடங்கியதும் கிளைட்டன் மீன்குழம்பையே தொடுவதில்லை. தயிர்ச்சோறு, பாலில் நனைத்த ரொட்டி, அவ்வளவுதான். சுத்தபோசனம் என்றால் கறியைத்தான் விட வேண்டும். இந்தக் கரையில் மீனை விடச் சொல்ல எந்தச் சாமியாருக்கும் தைரியம் வந்ததில்லை. கிளாடிஸ் ஒவ்வொரு பூசை முடிந்தும் கோயில் வாசலில் நின்று, “எம் பிள்ளை சீலா மீனையே ஒதுக்கிட்டான்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் ஏஞ்சலினும் அதைக் கேட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். பொறாமை என்று கிளாடிஸ் நினைத்தாள்.

ஈஸ்டர் வந்தது. பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, ஆட்டுக்கறிக் குழம்பைத் தட்டு நிறைய ஊற்றி மகன் முன்னால் வைத்தாள். ஒரு வாய் வைத்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தட்டைத் தள்ளிவிட்டு, “வயிறு சரியில்லம்மா, பால் இருக்கா?” என்றான்.

தவக்காலம்தான் முடிந்துவிட்டதே.

கிளாடிஸ் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் ஜன்னல் திரையைப் பற்றி, சேலையைப் பற்றி, பேனரைப் பற்றியெல்லாம் ஏதாவது சொல்லாமல் ஏஞ்சலினுக்குத் தூக்கம் வந்ததில்லை. கிளைட்டனைப் பற்றி மட்டும் ஏன் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை?

மறுநாள் சாயங்காலம் தட்டுக்கடைக்குப் போனாள். கூட்டம் சேர இன்னும் நேரம் இருந்தது. ஏஞ்சலின் தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏளா” என்றாள் கிளாடிஸ்.

“என்ன வேணும்? இட்லியா, தோசையா?”

“எம் பிள்ளையப் பத்திச் சொல்லு.”

ஏஞ்சலின் நிமிர்ந்து பார்த்தாள். “நான் சொன்னா நீ கேப்பியாளா? மக்ரூன்ல கடலைன்னு சொன்னதுக்கு நாலு வருசமா பேசல. பிள்ளையப் பத்திச் சொன்னா, பழி வாங்குதேன்னு சொல்ல மாட்டியா? உங்கிட்ட மைக்கு வேற இருக்கு.”

“சொல்லுளா” என்று கிளாடிஸ் மறுபடியும் சொன்னாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. ஏஞ்சலின் துணியைக் கீழே வைத்தாள்.

“இங்கன வந்தா காரச்சட்னிய ரெண்டு மட்டம் வாங்குவான். ஒருநாள் தோசைக்குச் சீனி கேட்டான். வாயத் தொறலே, பாப்போம்னேன். கீழுதட்டுக்கு உள்ள வெந்துபோய்க் கிடக்கு. எல்லாம் அந்த எழவெடுத்த பொட்டணம்தான். விட்டுப் பாத்தானாம், கைகால் பதறுதாம், முடியலையாம். அம்மாகிட்ட நான் சொல்லுதேன்னேன். என் கையப் புடிச்சிக்கிட்டு அழுதான் ஏளா. ‘கூட்டமைப்புத் தலைவி பிள்ளைன்னு ஊரு சிரிக்கும், அம்மா தாங்க மாட்டாங்க சித்தி’ன்னான்.”

கிளாடிஸுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் பேசிப் பேசித் தொண்டை கட்டியவள் அவள். சொந்தப் பிள்ளை அவளிடம் வாயைத் திறக்கப் பயந்து, இட்லிக்கடையில் நின்று அழுதிருக்கிறான். அவன் உதடு புண்ணாகிக் கிடந்ததை அவள் கோயில் வாசலில் பெருமையாகப் பேசியிருக்கிறாள். கடை பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஏஞ்சலின் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள்.

“ஊரு சிரிச்சாச் சிரிச்சிட்டுப் போவுது” என்று கிளாடிஸ் மூக்கை உறிஞ்சினாள். பிறகு, “கடலைதான்” என்றாள்.

“என்னது?”

“அன்னைக்கு மக்ரூன்ல. பாதிக்குப் பாதி கடலைதான்.”

“பாதியா? நான் முக்கால்னுல்லா நெனச்சேன்.”

கிளாடிஸுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்து தொலைத்தது. ‘பெரியாஸ்பத்திரி ஆலோசனைப் பிரிவை அணுகுங்கள்’ என்று எல்லா மேடையிலும் முழங்கியவள், அந்தப் பிரிவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று இப்போது ஏஞ்சலினிடம் கேட்க வேண்டியிருந்தது. ஏஞ்சலினுக்குத் தெரிந்திருந்தது. போன வாரமே போய் விசாரித்துவிட்டு வந்திருந்தாள். எப்படிச் சொல்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

“நாளைக்குக் காலையில கூட்டிட்டுப் போவோம். வாய்ப்புண்ணையும் காட்டிருவோம்” என்றாள்.

“நீயும் வாரியாளா?”

“பின்ன? சீட்டு என் கையிலல்லா விழுந்திருக்கு.”

ஏஞ்சலின் அப்போதே தட்டுக்கடையை மூடிவிட்டுக் கிளாடிஸோடு வீட்டுக்கு வந்தாள். கிளைட்டன் வீட்டுக்கு வந்தபோது அம்மாவும் ஏஞ்சலின் சித்தியும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பார்த்ததுமே அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு செருப்பைக் கழற்றியவன் இன்னொன்றைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

கிளாடிஸுக்கு எத்தனையோ பேச்சு மனப்பாடம். மாணவச் செல்வங்களே என்று ஆரம்பிப்பது ஒன்று, போதை என்னும் அரக்கன் என்று ஆரம்பிப்பது ஒன்று. அன்றைக்கு ஒன்றும் வாயில் வரவில்லை.

“மிளகா போடாம தேங்காப்பால் சொதி வச்சிருக்கேன் மக்ளே. வா, சாப்பிடு” என்றாள்.

அவன் வந்து உட்கார்ந்தான். பிறகு பேண்ட் பையிலிருந்து அந்தப் பொட்டணங்களை எடுத்து மேசையில் வைத்தான். “விட்டுறணும்னுதாம்மா நெனைக்கேன்” என்றான். கிளாடிஸ் அவன் தலையை இழுத்துத் தன் தோளோடு சேர்த்துக்கொண்டாள்.

ஏஞ்சலின் சொதியைக் கரண்டியால் கிளறி, கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தாள்.

“ஏளா, இதுல முந்திரி அரைச்சி ஊத்துனியா, இல்ல இதுவும் கடலைதானா?”

கிளைட்டன் அழுதுகொண்டே சிரித்துவிட்டான். சிரித்ததில் உதடு எரிந்து “ஸ்ஸ்” என்றான். கிளாடிஸ் எழுந்து அவனுக்குத் தயிர் எடுக்கப் போனாள்.