நூறு ரூபா உயரம்

ஐம்பத்து நாலாம் ஆண்டு பங்குனியில், முகம்மது தம்பி தோணி வாங்கக் கடனெடுத்த அன்று பின்னேரம், மருதமுனையில் அவன் பெண்சாதி றாபியாவின் வீடு ஆறடி மணலுக்குள் இறங்கியது. சுவர் வெடிக்கவில்லை. அடுப்பிலிருந்த கறிகூடச் சிந்தவில்லை. கூரை விளிம்பு இடுப்பளவுக்கு வந்ததில் ஆடுகள் ஓட்டில் ஏறி நின்றன. வாசலுக்கு முன்னால் மணலை வெட்டிப் படி இறக்கினார்கள். வீடு றாபியாவுடையது. உம்மா அவளுக்குக் கல்யாணத்தில் எழுதிக் கொடுத்தது, நாளைக்கு மகள் சித்தி லைலாவுக்குப் போக வேண்டியது. அந்தப் பக்கத்தில் அப்படித்தான்: கடனை ஆம்பிளை எடுப்பான், ஈடு வைப்பது பொம்பிளையின் வீட்டை.

றாபியா முதலில் புருசனைச் சந்தேகப்பட்டாள். பிறகு கிணறு வெட்டிய பக்கத்து வீட்டு மஜீடை. கடைசியில்தான் கடன் கொடுத்த கலந்தர் ஹாஜியாரை. அவருக்கு வீடு அதே தெருவில், துணிக்கடை கல்முனையில். கொடுத்தது ஆயிரம். ஈட்டு உறுதிப் பத்திரத்தில் மாதம் இருபத்தைந்து ரூபா வீதம் ஐந்து வருசம் என்று மட்டும் இருந்தது. கூட்டினால் ஆயிரத்து ஐந்நூறு. கூடுதலான ஐந்நூறுக்குப் பெயரே இல்லை. வட்டி ஹராம், ஆகவே ஊரில் எவரும் அந்தச் சொல்லை வாயிலெடுப்பதில்லை. வாயிலெடுக்காததைக் கணக்கிலெடுப்பது எப்படி? கட்டுகிற காசில் முதலுக்கு எவ்வளவு போகிறது, மற்றதற்கு எவ்வளவு போகிறது என்று கேட்க வழியில்லாததால், கடன்பட்ட எவருக்கும் மிச்சக் கடன் தெரியாது.

வீட்டுக்குத் தெரிந்தது. றாபியா தறியடித்து முதல் மாதக் காசைக் கட்டியபோது அது முக்கால் அங்குலம்தான் எழும்பியது. அவள் சுவரில் கரிக்கோடு போட்டாள். இரண்டாம் வருச முடிவில் அதே இருபத்தைந்து ரூபா ஓரங்குலம் தூக்கியது, மூன்றாம் வருச முடிவில் ஒன்றேகால். கடன் கொழுத்திருக்கையில் கட்டுகிற காசில் பாதிக்கு மேல் அதன் தீனிக்கே போகிறது, மெலிய மெலியத் தீனி குறைகிறது என்று அவளுக்கு விளங்கியது. ஹாஜியாருக்கும் சந்தேகம். தென்னங்குற்றி கொடுத்து வீட்டை நெம்புகிறாளோ என்று பளீல் என்பவனை அனுப்பி இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்தார். மணல்தான் இருந்தது.

ஐம்பத்தேழில் சித்தி லைலாவுக்குச் சாய்ந்தமருதில் மாப்பிள்ளை பொருந்தியது. ஈட்டிலிருக்கிற வீட்டுக்குள் குனிந்து இறங்கமாட்டோம் என்றது மாப்பிள்ளை வீடு. அப்போது வீடு மூன்றடி எழும்பியிருந்தது, இன்னும் மூன்றடி உள்ளே. ஆயிரத்துக்கு ஆறடியென்றால் மூன்றடிக்கு ஐந்நூறு. றாபியா காப்பை விற்று ஐந்நூறோடு கடைக்குப் போனாள்.

"இன்னம் ரெண்டு வருசம் கிடக்கு புள்ள. அறுநூறு," என்றார் ஹாஜியார்.

"அந்த ரெண்டு வருசமும் நீங்க காத்திருக்கப் போறல்லயே. காத்திருக்காத காலத்துக்கு என்னத்துக்கு ஹாஜியார் வட்டி?"

துணி கிழித்த கை நின்றது. "அஸ்தக்ஃபிருல்லாஹ்! அது லாபம். ஹஜ்ஜுக்குப் போய் வந்த மனிசனோட கதைக்கிற கதையா இது?"

"அப்ப லாபத்தையாவது எண்ணிச் சொல்லுங்க."

"உன்ட வீடு சொல்ற கணக்க எந்த நீதவானுக்கிட்ட புள்ள காட்டப் போறாய்?"

உறுதி அவர் பெட்டிக்குள் இருந்தது. நிக்காஹ்வுக்கு நாள் குறித்தாயிற்று. றாபியா தறியை விற்றாள். அதை வண்டியில் ஏற்றும்போது புருசனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அறுநூறையும் எண்ணி வைத்து உறுதியோடு அவள் வந்தபோது, வீடு நிலமட்டத்தையும் தாண்டி ஏழங்குலம் மேலே நின்றது. ஊர் வந்து அடியில் கைவிட்டுப் பார்த்தது. காற்று மட்டும் போய் வந்தது. ஹாஜியார் நூறு ரூபா கூட எடுத்திருக்கிறார் என்று எவரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஜின்னுடைய வேலை என்று சொல்லியனுப்பினார் அவர். மாப்பிள்ளை வீட்டார் டோர்ச் அடித்துப் பார்த்தார்கள், முகத்தை முகம் பார்த்தார்கள், பிறகு ஒரு கல்லைப் போட்டு ஏறி வந்து சாப்பிட்டார்கள்.

அவ்வருச மார்கழி வெள்ளத்தில் அந்தத் தெருவில் தண்ணீர் கணுக்கால் மறைய நின்றது. எல்லா வீட்டுக்குள்ளும் புகுந்தது, றாபியா வீட்டுக்கு அடியால் போனது. கலந்தர் ஹாஜியார் தலையில் துணிக்கட்டோடு வந்து அந்தக் கல்லுக்குக் கீழே நின்றார். றாபியா வாசல் நிலையில் கைவைத்து மறித்துக்கொண்டாள்.

"இது என்ன உயரம் ஹாஜியார்?"

"மழைக்குள்ள நிக்க வெச்சா புள்ள கேக்கிறாய்?"

"சொல்லிப்போட்டு ஏறுங்க."

துணிக்கட்டின் சாயம் ஒழுகி அவர் தாடி நீலமாகிக்கொண்டிருந்தது. "வட்டி," என்றார்.

றாபியா விலகி, தலை துவட்டத் துவாய் கொடுத்தாள்.

வெள்ளம் வடிந்ததும் அவர் நூறு ரூபா கொடுத்தனுப்பினார். றாபியா நோட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், எண்ணினாள், திருப்பியனுப்பினாள். அதை வாங்கினால் வீடு இறங்கும். அடுத்த மார்கழியும் வரத்தான் போகிறது. ஒரு வருசம் பிறர் தறியில் நெய்து, தனக்கொரு தறியைக் கடன்படாமல் கைக்காசுக்கே வாங்கினாள். கோழிகள் வீட்டுக்கடியில்தான் முட்டையிட்டன. அவற்றை எடுக்க ஒரு நீளக் கோல் வைத்திருந்தாள்.