ரப்பர் பேண்டு கூப்பிட்ட மச்சினன்

கண்ணாடிக்காரருக்குத் தொழிலில் கை தவறியது இரண்டே இரண்டு முறைதான். ஒன்று தெருவுக்கே தெரியும். அலமாரிக்கு அறுத்த கண்ணாடியைத் தூக்கும்போது அது வழுக்கி, வலது உள்ளங்கையில் சுட்டுவிரலுக்கு அடியில் ஆழமாக இறங்கிவிட்டது. இன்னொன்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அதற்கும் வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

அறுந்தது வெறும் தோல் என்றால் பரவாயில்லை. விரலை மடக்கி இழுக்கிற தசைநாணே அறுந்துபோயிருந்தது. டாக்டர் தைத்து அனுப்பினார். பிறகு பிசியோ மேடம் கையின் பின்புறத்தில் ஒரு வளைந்த பிளாஸ்டிக் பலகையை வைத்துக் கட்டினார். சுட்டுவிரல் நகத்தின்மேல் பசை வைத்து ஒரு குட்டிக் கொக்கியை ஒட்டினார். கொக்கியில் சாதாரண ரப்பர் பேண்டு ஒன்றை மாட்டி, அதன் மறுமுனையை மணிக்கட்டுக் கட்டில் ஊக்கால் பிணைத்தார். விரல் சுருண்டு உள்ளங்கையைப் பார்த்துப் படுத்துக்கொண்டது.

"மணிக்கொரு தடவை விரலை நீங்களே நிமிர்த்தணும். அப்புறம் விட்டுடணும். மடக்குற வேலையை ரப்பர் பாத்துக்கும்."

"நானே மடக்கினா என்னங்க?"

"உள்ள போட்ட தையல் பிச்சுக்கும். கட்டு அவிழ்க்குற வரைக்கும் இந்தக் கையால எதையும் பிடிக்கக் கூடாது. டம்ளர் கூடாது, கதவுப் பிடி கூடாது, விழுறதைத் தாவிப் பிடிக்கக் கூடாது. மீறிப் பிடிச்சீங்கன்னா கண்ணாடி அறுக்குற தொழிலையே மறந்துட வேண்டியதுதான்."

தொழில் போய்விடும் என்றதும் அவருக்குப் பயம்தான். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"ரப்பரைப் பத்தி எனக்கே சொல்றீங்களா மேடம்? நான் ஃபிரேம் போடுறவன். பழைய சைக்கிள் டியூபை வளையம் வளையமா வெட்டி வச்சிருக்கேன். நாலு மூலைக்கும் பசை தடவி அதைச் சுத்தி மாட்டினா, காயுற வரைக்கும் இம்மி அசையாது."

"அப்படியா? அப்ப வெயில்ல கையை நீட்டி உட்காரக் கூடாதுன்னு ஏன் சொல்றேன்னு சொல்லுங்க பாப்போம்."

"சூட்டுல ரப்பர் தொளதொளன்னு ஆயிடும்."

"இல்ல. இழுத்து வச்ச ரப்பர் சூடு பட்டா இன்னும் சுருங்கும். விரலை அதிகமா இழுக்கும். நாள் கணக்கா வெயில்ல கிடந்தா இத்துப்போயி அறுந்தும் போகும்."

கண்ணாடிக்காரர் நம்பவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவியின் தலைமுடி உலர்த்தும் கருவியை எடுத்து, ஆணியில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டி, அதில் சின்னச் சுத்தியலைத் தொங்கவிட்டு, இடது கையாலேயே சூடான காற்றைக் காட்டினார். சுத்தியல் கீழே இறங்கவில்லை. மயிரிழை மயிரிழையாக மேலே ஏறியது! அடேயப்பா, இத்தனை வருஷம் ரப்பரோடு குடித்தனம் நடத்தியும் இது தெரியாமல் போயிற்றே என்று வாயைப் பிளந்து நின்றார்.

"சுத்தியலுக்குத் தலை ஈரமா இருந்துச்சா?" என்று மனைவி கேட்டுவிட்டு, கருவியைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

வீடு பின்னால், கடை முன்னால். கை வீங்காமல் இருக்க முழங்கையை மேசையில் ஊன்றி உள்ளங்கையை உயர்த்தியே வைத்திருக்க வேண்டும். வேலை செய்ய முடியாத மனிதர் கடையில் சும்மா உட்கார்ந்திருந்தார். மனைவியின் கைபேசி மணியடிக்கும். அவர் விரலை நிமிர்த்துவார், விடுவார். ரப்பர் சுருக்கென்று இழுத்துக்கொள்ளும். நிமிர்த்துவார், விடுவார்.

தெருவில் போகிறவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று நீங்களே செய்து பாருங்கள். ஒற்றை விரலை ஆட்டி, "ஏய், இங்க வா!" என்று கூப்பிடுகிற மாதிரியே இருந்தது. முதல் நாளே ஒரு டாக்சி வந்து நின்றது. "எங்க சார் போகணும்?" அடுத்தது மாடிவீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே வந்தவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"என்னை விரலை ஆட்டிக் கூப்பிடுற அளவுக்கு வளந்துட்டீங்களா?"

"ஐயோ, நான் கூப்பிடல டீச்சர், இது ரப்பர்…"

"ரப்பர் கூப்பிட்டுச்சாம்! வயசானவங்ககிட்ட இப்படியா பேசுறது?"

அவர் சமாதானமாகிப் போவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இப்போது மச்சினன் விஷயத்துக்கு வருவோம். கண்ணாடிக்காரர் மனைவியின் ஒரே தம்பி. டவுன் பஸ் ஓட்டுகிறவன். அவன் பஸ் தினமும் கடைக்கு நேர் எதிரே உள்ள நிறுத்தத்தில் வந்து நிற்கும். டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தால் கடையின் உள்சுவர் வரை தெரியும். ஆனால் நாலு வருஷமாக அவன் கழுத்து அந்தப் பக்கம் திரும்பியதில்லை.

எல்லாம் ஒரு போட்டோவால் வந்த வினை. குடும்பமாக எடுத்த படத்துக்குக் கண்ணாடிக்காரர் தன் கையாலேயே ஃபிரேம் போட்டு மாட்டினார். மாட்டிவிட்டுப் பார்த்தால், வலது ஓரத்தில் நின்ற மச்சினனில் ஒரு காதும் அரைத் தோளும்தான் மிச்சம். மீதி ஃபிரேமுக்குள் மறைந்துபோயிருந்தது.

"என்ன மாமா, என்னைக் குடும்பத்துலேர்ந்தே வெட்டிட்டீங்க?" என்று அவன் முதலில் சிரித்துக்கொண்டேதான் கேட்டான்.

"உன்னை யாரு ஓரத்துல போயி நிக்கச் சொன்னா?" என்றார் இவர்.

அந்த ஒரு பேச்சு போதாதா? சொல்லுக்குச் சொல் வளர்ந்து, "அவரா வாயைத் திறந்து வான்னு கூப்பிடட்டும், அப்ப வர்றேன்" என்று அவன் வாசலில் செருப்பை மாட்டினான். "கதவு திறந்துதான் இருக்கு. வர்றவன் வரட்டும், நான் எதுக்குக் கூப்பிடணும்?" என்று இவர் உள்ளேயே நின்றுவிட்டார். அக்காவும் தம்பியும் அதன்பிறகு சந்தை வாசலிலும் பஸ் டிப்போ பெஞ்சிலும்தான் பார்த்துக்கொண்டார்கள். தம்பி வீட்டுக்கு வரவேண்டும், தன் கையால் ஒரு வாய் சாப்பிட வேண்டும் என்று அந்த அம்மாள் கேட்காத நாளில்லை. கண்ணாடிக்காரர் அளவுகோலை எடுத்துத் துடைப்பார்.

காரணம், அவர் கை தவறிய அந்த இன்னொரு முறை. மச்சினன் ஓரத்தில் நின்றதெல்லாம் சரிதான். படமும் சரிதான். மரச்சட்டத்தை இவர்தான் அளவு தப்பி வெட்டிவிட்டார். அந்த மரத்தில் வேறு துண்டு இல்லை. சரி, யாருக்குத் தெரியப்போகிறது என்று படத்தை ஓரத்தில் மடித்து உள்ளே தள்ளிவிட்டார். அளவு தப்பாதவர் என்று ஊர் பேர் வைத்திருக்கிற மனிதர். மச்சினனைக் கூப்பிட்டால் இதையும் சொல்ல வேண்டும். நாக்கு எழவில்லை. தம்பியை நினைத்து மனைவி கண்ணைத் துடைக்கும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சில் சுருக்கென்று குத்தும். குத்தியும் என்ன பயன்?

கை கட்டோடு இருந்த ஒரு காலையில் மனைவி அவர் மேசையை இழுத்துக் கடை முகப்புக்குக் கொண்டுபோனார்.

"அங்க வெயில் அடிக்கும். ரப்பர் சுருங்கும்."

"அந்தப் பக்கம் வெயிலே வராதுங்க. காத்தோட்டமா இருக்கும், உட்காருங்க."

உட்கார்ந்தார். கைபேசி மணியடித்தது. விரலை நிமிர்த்தினார், விட்டார். எதிரே பஸ் வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை. விரல் மேலேயே கண்ணாக இருந்தார், எங்கே தன்னையறியாமல் மடக்கிவிடுவோமோ என்ற பயம் அவருக்கு. மறுநாளும் அதே மணி, அதே விரல், அதே பஸ். அதற்கு மறுநாள் பஸ் கிளம்ப வேண்டிய நேரத்தில் கிளம்பாமல் நின்றது. உள்ளே நின்றவர்கள் கத்தினார்கள். பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன. கண்ணாடிக்காரர் எரிச்சலோடு நிமிர்ந்து, "எவன்டா அது, நடுரோட்டுல தூங்குறவன்?" என்று முணுமுணுத்துவிட்டு, மறுபடி விரலை நிமிர்த்தினார்.

அன்று சாயங்காலம் காக்கிச் சட்டையோடு மச்சினன் வாசலில் நின்றான். கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம்.

கண்ணாடிக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "வா" என்ற சொல் தொண்டைவரை வந்து நின்றது. அவன் அதற்குக் காத்திருக்கவும் இல்லை. செருப்பைக் கழற்றி, நேரே வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"மூணு நாளா கூப்பிட்டுக்கிட்டே இருக்கீங்களே மாமா! முதல் நாள் ஓரக்கண்ணுல பாத்துட்டு, எனக்குக் கண்ணுதான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். கையில இவ்ளோ பெரிய கட்டைப் போட்டுக்கிட்டு, வலியோட… எனக்கு மனசு கேக்கல. நான்தான் ரொம்ப வீம்பு பிடிச்சுட்டேன்."

உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. மனைவி கதவோரம் வந்து நின்றார். அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைக் கண்ணாடிக்காரர் பார்த்து எத்தனை காலமாயிற்று! பேசாமல் இருந்துவிடலாம். ஆமாம் மாப்ள, கூப்பிட்டேன் என்று ஒரு வார்த்தை, முடிந்தது கதை. அவர் தலையை ஆட்டக்கூடத் தொடங்கிவிட்டார்.

அப்போது பார்த்துக் கைபேசி அலறியது.

பழக்கதோஷம் பாருங்கள், விரல் தானாக நிமிர்ந்தது. ரப்பர் இழுத்தது. நிமிர்ந்தது, இழுத்தது. எதிரே உட்கார்ந்திருந்தவனையே "வா, வா" என்றது. மச்சினன் விரலைப் பார்த்தான், நகத்துக் கொக்கியைப் பார்த்தான், ஊக்கைப் பார்த்தான். சிரிப்பு மெல்ல வடிந்தது.

"இது… பயிற்சியா?"

மச்சினன் கதவோரம் திரும்பினான்.

"அக்கா, நான் போன் பண்ணிக் கேட்டேனே? அதுக்கு நீ, 'ஆமாடா, உன்னைத்தான் கூப்பிடுறாரு'ன்னு சொன்னியே?"

"பொய்தான் சொன்னேன்!" என்று வெடித்தார் அந்த அம்மாள். "மேசையை இழுத்துப் போட்டதும் நான்தான். உன் பஸ் வர்ற நேரம் பாத்து மணி வச்சதும் நான்தான். ரெண்டு பேரும் வாயைத் திறக்க மாட்டீங்க. நடுவுல நான் கிடந்து சாகணுமா? ரப்பர் பேண்டுக்கு இருக்குற இரக்கம் உங்க ரெண்டு பேருக்கும் இல்லையே!"

மச்சினன் எழுந்தான். கோபம்கூட இல்லை, அவமானத்தில் காது சிவந்திருந்தது.

"வர்றேன்க்கா. பழத்தை வச்சுக்கோ."

அவன் திரும்பியதும் கண்ணாடிக்காரர் துள்ளி எழுந்தார். இத்தனை காலமும் அவருடைய சமாதானமெல்லாம் கையாலேயே நடந்தது. தோளில் ஒரு தட்டு, முழங்கையைப் பிடித்து ஓர் இழுப்பு, அவ்வளவுதான். வலது கை தன்னைப்போலப் பாய்ந்து அவன் சட்டையைப் பிடிக்கப் போனது.

"என்னங்க, கை! கை!"

மனைவியின் அலறலில் கை அந்தரத்தில் நின்றது. சட்டை விரலுக்கு அரை அங்குலத்தில் இருந்தது. பிடித்தால் தொழில் போகும். விட்டால் இவன் போவான், இனி பஸ்ஸைக்கூட வேறு பாதைக்கு மாற்றிக்கொள்வான். கண்ணாடிக்காரர் வேறு வழியே இல்லாமல் வாயைத் திறந்தார்.

"மாப்ள, நில்லு."

அவன் நின்றான். திரும்பவில்லை.

"நான் கூப்பிடல, வாஸ்தவம். ரப்பர்தான் கூப்பிட்டுச்சு. இப்ப நான் கூப்பிடுறேன். வா."

"அக்காவுக்காகச் சொல்றீங்க."

"இல்லடா." நீட்டிய கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். "நீ ஓரத்துல நின்னதால ஒண்ணும் இல்ல. சட்டத்தை நான் அளவு தப்பி வெட்டிட்டேன். வேற மரம் இல்ல. உன்னை மடிச்சு உள்ள தள்ளிட்டு, பழியையும் உன் மேலயே போட்டேன். ஒத்துக்க வெக்கமா இருந்துச்சு. இத்தனை வருஷமும் அதான்."

மச்சினன் மெதுவாகத் திரும்பினான்.

"நீங்களா? அளவு தப்பிட்டீங்களா?"

"ஆமா."

"எவ்ளோ?"

"ரெண்டு அங்குலம்."

அவன் முகம் கோணியது. அழப்போகிறானோ என்று பார்த்தால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினான். "ரெண்டு அங்குலத்துக்காக மாமா, தினம் இந்த நிறுத்தத்துல கழுத்து சுளுக்கிக்கிட்டேன்! கண்டக்டர் எனக்குத் தைலமெல்லாம் வாங்கிக் குடுத்தான்!" என்று நாற்காலியில் தொப்பென்று விழுந்தான். சிரிப்பு நடுவிலேயே உடைந்து, கண்ணைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான். கண்ணாடிக்காரர் இடது கையை அவன் தோள்மேல் வைத்தார்.

கதவோரத்தில் மனைவியைக் காணோம். அடுப்படியில் தண்ணீர் கொதிக்கும் சத்தமும் அதற்குமேல் விசும்பலும் கேட்டன. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ போயி சமாதானம் பண்ணு மாப்ள. உன் அக்காதானே."

"எனக்கு பயமா இருக்கு. உங்க பொண்டாட்டிதானே, நீங்க போங்க."

"திட்டுவா."

"திட்டட்டுமே மாமா. நாலு வருஷத்துத் திட்டு, நமக்கு வர வேண்டியதுதானே?" என்று சொல்லி அவன் எழுந்து, பழப்பையை எடுத்துக்கொண்டான். இருவரும் சேர்ந்தே உள்ளே போனார்கள்.