விடியல் தண்ணீர்

அண்ணன் வால்வில் கை வைத்துவிட்டான். விடியற்காலை ஐந்தரை. அதைத் திருகினால் கடல்நீர் பெரிய தொட்டியில் நிறையும், வாளிகளில் இருக்கும் முத்துச்சிப்பிக் கருக்கள் அதற்குள் போகும், மூன்றே நாளில் அத்தனையும் செத்துப்போகும். இது எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். சொன்னால் என் குட்டும் அல்லவா வெளிப்படும்!

எங்கள் பொரிப்பகத்தில் ஏற்கெனவே இரண்டு முறை குஞ்சுகள் ஓடு கோணிச் செத்திருந்தன. இது மூன்றாவது முயற்சி. முட்டையிடக்கூடிய தாய்ச்சிப்பி இனி ஒன்றும் மிச்சமில்லை. இதுவும் போனால் கதவைச் சாத்த வேண்டியதுதான். இரண்டு முறையும் தீனி போட்ட மறுநாளே செத்ததால், அண்ணன் பழியைத் தூக்கி அண்ணியின் தலையில் போட்டுவிட்டான். குஞ்சுகளுக்கான பாசித் தீனியைக் குடுவைகளில் வளர்ப்பவர் அவர்தான். அவரும் குடுவைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

தண்ணீரைச் சோதிப்பது என் வேலை. எனக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும். மனிதர் என்றில்லை, மீட்டரானாலும் அப்படித்தான். கொஞ்ச நாளாக விடியற்காலையில் அமில மீட்டர் 7.6 என்று காட்டியது; எண் இறங்க இறங்க அமிலம் கூடுகிறது என்று அர்த்தம். கடல் என்றால் 8.1 என்றுதான் பத்து வருடமாக எழுதிவருகிறேன். சனியன் பிடித்த மீட்டர் என்று திட்டி, 8.1 வரும்வரை அதன் திருகைத் திருப்பினேன். அளவு தெரிந்த சோதனைத் திரவத்தில் வைத்துச் சரிசெய்ய வேண்டிய மீட்டரைக் கடல்நீரிலேயே வைத்துச் சரிசெய்த புத்திசாலி நான்.

நேற்றுப் புதுத் திரவம் வாங்கிச் சரிபார்த்தபோதுதான் புரிந்தது. மீட்டர் பொய்யே சொல்லவில்லை. காற்றில் ஏறிய புகையைக் கடல் குடித்துக் குடித்து அமிலமாகிக்கொண்டு வருகிறது; அந்தத் தண்ணீரில் குஞ்சுக்கு ஓடு கட்ட வராது. வெயில் ஏறினால் கரையோரப் பாசிகள் அதைக் கொஞ்சம் தேற்றுகின்றன. இரவில் மறுபடி கெடுகிறது. விடியல் தண்ணீர்தான் சுத்தம் என்று நம்பி, இருப்பதிலேயே மோசமான நேரத்தில் பிடித்துக்கொண்டிருந்தோம்.

வால்வு கிறீச்சிட்டது.

"திறக்காதண்ணே. மதியம் வரைக்கும் பொறு."

ஏன் என்று கேட்டான். திருகைத் திருப்பியது வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன். கத்துவான் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"உங்க அண்ணிகிட்ட நீயே சொல்லு," என்றான்.

வாளிகளில் நெரிசல். அரைமணிக்கு ஒரு முறை ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். கருக்கள் நகர்ந்துகொண்டிருந்தாலும் அங்கங்கே சில அடங்க ஆரம்பித்தன. பன்னிரண்டுக்கு 7.8. ஒன்றரைக்கு 7.9. அண்ணன் வாளிக்கும் வால்வுக்கும் நடந்துகொண்டே இருந்தான். இரண்டரைக்கு 8.0 வந்ததும் திறந்தோம். அன்று முழுவதும் அண்ணி பக்கமே நான் போகவில்லை. குஞ்சுகள் பிழைக்கட்டும், நல்ல சேதியோடு சேர்த்துச் சொன்னால் திட்டு குறையும் என்று மனக்கணக்கு.

மறுநாள் காலை மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். ஒவ்வொரு குஞ்சுக்கும் ஒரு பக்கம் நேராக, மறுபக்கம் வளைவாக, கோணலில்லாத ஓடு. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வர, தீனி அறைக்கு ஓடினேன்.

அலமாரியில் குடுவைகள் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. அறை முழுக்க பிளீச்சிங் நெடி.

"நேத்து சாயந்தரமே எல்லாத்தையும் கொட்டிட்டேன்," என்றார் அண்ணி. "ரெண்டு தடவை என் தீனியால செத்துச்சு. இதுங்க பட்டினி கிடந்தாலும் பரவாயில்ல, அந்த விஷம் வேணாம்."

புதுப் பாசி எப்போது வரும் என்று கேட்டேன். சொல்லி அனுப்பியிருப்பதாகவும், வந்து வளர்ந்து பச்சை பிடிக்க எப்படியும் பத்து நாளாகும் என்றும் சொன்னார். ஓடு கட்டிய குஞ்சு தீனியில்லாமல் நாலு நாள் தாங்குவதே அதிகம்.

"அண்ணி, உங்க தீனியில ஒரு குறையும் இல்ல. தப்பு என்னோடது."

மீட்டர் கதை முழுவதையும் சொல்லி முடித்தேன். எப்போது தெரியும் என்று மட்டும் கேட்டார்.

"முந்தாநாளே தெரியும்."

அண்ணி கவிழ்த்த குடுவை ஒன்றை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, அடியில் ஒரு பச்சைப் பொட்டாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினார். அடுத்ததை நான் எடுத்தேன். எல்லாவற்றையும் அவர் நன்றாகத்தான் கழுவியிருந்தார்.