பாண்டியம்மாள் வாங்கிய கடல்

போடியில் அந்த ஏலக்காய் குடோனில் காத்தாடி போட மாட்டார்கள். போட்டால் காய்த்தோல் பறக்கும். கத்திரி வெயில் முடிந்தும் சூடு இறங்கவில்லை. மலையில் மழை விழுகிறவரை இந்தப் புழுக்கம்தான் கதி. அதற்குப் பெண்கள் கண்ட ஒரே மருந்து நாவல் புத்தகம். பாண்டியம்மாள் உரக்க வாசிப்பாள். மற்றவர்கள் காயைத் தரம் பிரித்துக்கொண்டே கேட்பார்கள். அவள் பங்குச் சுளகில் கிடக்கும் காயையும் அவர்களே முடித்துவிடுவார்கள்.

புத்தகம் எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. மாமியார் வரக் கூடாது. ஆஸ்பத்திரி கூடாது. எஸ்டேட் வாடையே ஆகாது. "கதையில ஒருத்தரும் சோலிக்குப் போகக் கூடாது ஆத்தா, அதுக்கு நாம போறது பத்தாதா?" என்று ஒச்சம்மாள் கறாராகச் சொல்லிவிட்டாள். குடோனில் மூத்தவள், அவள் சொன்னால் சொன்னதுதான்.

அப்படித் தேடி எடுத்த இளவரசி கதையில்தான் வினை வந்தது. இளவரசியைத் தீவுக்குத் தூக்கிப் போன அன்று ஆளாளுக்கு மூக்கைச் சிந்தியதில், பச்சைக் காயோடு வெளுத்த காயும் கலந்து மூட்டையேறிவிட்டது. மேஸ்திரி பெத்துராஜ் குதித்தார்.

"அவளைத் தூக்கிட்டுப் போனா ஒங்களுக்கென்ன? இனிமே ஒண்ணுமே நடக்காத புஸ்தகமாக் கொண்டா. இல்ல, வாசிப்பே வேணாம்!"

மலையைத் தவிர எதையும் பார்க்காதவள் பாண்டியம்மாள். கடலும் பனியும் அரண்மனையும் அவளுக்கு அந்தத் தாள்களில்தான் இருந்தன. அதுவும் போனால் வெறும் காய்தான் மிச்சம்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பழைய புத்தகக் கடை காசிமாயனிடம் ஓடினாள்.

"ஒண்ணுமே நடக்காத கதை இருக்காண்ணே?"

"இருக்கே. பரிசெல்லாம் வாங்குனது."

மறுநாள் வாசித்தபோது அவர் சொன்னபடியே இருந்தது. கதையில் ஒரு மனிதர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் வரைக்கும் பார்த்தார். சாப்பாட்டுக்குப் பிறகும் பார்த்தார். ஒச்சம்மாள் சுளகிலேயே முகம் கவிழ்ந்து குறட்டை விட்டாள். எழுப்பியபோது கன்னமெல்லாம் காய் ஒட்டியிருந்தது. பாதி வேலைகூட ஆகவில்லை.

"நாளைக்கு ஒரு நாள் பாப்பேன்," என்றார் பெத்துராஜ். "நாளைக்கும் இப்படின்னா புஸ்தகம் அடுப்புக்குத்தான்."

சாயங்காலம் மறுபடியும் காசிமாயன் கடை. பாண்டியம்மாள் வெகுநேரம் புரட்டினாள். சாதுவான புத்தகங்களைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தவளுக்குச் சட்டென்று கோபம் வந்தது. போகிறதுதான் போகிறது, நல்ல கதையோடு போகட்டுமே! அட்டையில் கப்பலும் கத்தியுமாக இருந்த தடிப் புத்தகத்தை உருவினாள்.

மறுநாள் வாசிக்கும் முன் ஒரே ஒரு சட்டம் போட்டாள்.

"எவ கை நின்னாலும் என் வாய் நிக்கும். ஒரு கை தப்பாப் பொறுக்கினாலும் நிக்கும்."

முதல் அத்தியாயத்தில் ஒரு முறை நிறுத்தினாள். அவ்வளவுதான், நின்ற கைக்காரியை மற்றவர்கள் பார்த்த பார்வையில் அப்புறம் ஒரு கையும் நிற்கவில்லை. கடற்கொள்ளையர் துரத்தத் துரத்தக் கைகளும் பறந்தன. பச்சை தனி, வெளுப்பு தனி, வெடிப்பு தனி. மத்தியானத்துக்குள் மூட்டைகள் வரிசைகட்டி நின்றன.

கதாநாயகனைப் பாய்மரத்தில் கட்டியாயிற்று. கொள்ளையர் தலைவன் கத்தியை ஓங்கினான். ஓங்கிய இடத்தில் பாண்டியம்மாள் நிறுத்திவிட்டாள்.

பெண்கள் பதறிப்போய்ப் பக்கத்திலிருந்தவள் கையைப் பார்த்தார்கள். எல்லாக் கையும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"யாருடி கையை நிறுத்தினது?" என்று ஒச்சம்மாள் சீறினாள்.

பாண்டியம்மாள் வாசலைக் காட்டினாள். பெத்துராஜ் தூக்கிய சாக்கைத் தோளுக்கும் தரைக்கும் நடுவில் பிடித்தபடி, வாயைப் பிளந்து நின்றிருந்தார்.

"நானா? நான் கணக்கில வருவேனா?"

அத்தனை பேரும் அவரையே முறைத்தார்கள். சாக்கை மெதுவாகக் கீழே வைத்தவர், ஒச்சம்மாள் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒரு சுளகை மடிப்பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வெரசா வாசி ஆத்தா, அந்தப் பய பொழைச்சானா?"

"மொதல்ல கை ஓடட்டும்ண்ணே," என்றாள் பாண்டியம்மாள்.