யெர்கோ முறுக்கிய ஸ்குரூ

வாயை அடக்கத் தெரிந்திருந்தால் எனக்குப் பாதி வம்பு குறைந்திருக்கும். கல்யாணமான முதல் வாரமே என் மனைவி இதைச் சொல்லிவிட்டாள்.

மே மாதம் நெவென்காவின் டாக்ஸிப் படகு என் பட்டறைக்கு வந்தது. தீவிலிருந்து ஷிபெனிக் நகரத்துக்கு ஆள் ஏற்றும் படகு. ஓட்டுவது அவள் அண்ணன் யெர்கோ. நானும் அவனும் ஒரே வகுப்பு. மூன்று வருஷமாக அவன் குடியைத் தொடவில்லை. அந்தப் படகுச் சாவி கையில் இருப்பதால்தான் தொடவில்லை என்பது ஊருக்கே தெரியும்.

படகின் பின்னால் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் கியர் பெட்டியைத் திறந்தேன். ஆயில் பால் காபி நிறத்தில் வழிந்தது. கடல் நீர் உள்ளே புகுந்திருக்கிறது. புரொப்பெல்லர் தண்டைச் சுற்றியிருக்கும் இரண்டு ரப்பர் சீல்களையும் மாற்றி, புது ஆயில் ஊற்றி அனுப்பினேன்.

ஜூனில் மறுபடியும் அதே பால் காபி. என் வேலையிலா குறை என்று சுருக்கென்றது. பெட்டிக்குள் காற்றடித்து, சோப்பு நுரை தடவி, அழுத்த மீட்டரையே பார்த்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்தேன். முள் அசையவில்லை. ஒரு குமிழிகூட வரவில்லை. சீலில் குற்றமில்லை, ஆயில் அளவு பார்க்கத் திறந்த ஸ்குரூவை யெர்கோதான் சரியாக முறுக்கவில்லை என்று நெவென்காவிடம் சொன்னேன். ஆயிலை மாற்றி, அந்த ஸ்குரூவை நானே முறுக்கி, இனி யார் தொட்டாலும் தெரியட்டும் என்று மேலே சிவப்புப் பெயின்ட்டில் ஒரு கோடும் போட்டேன்.

அதோடு விட்டேனா? மீன் சந்தையருகே, வலை உலர்த்துகிறவர்கள் காதுபடச் சொன்னேன்.

"கை நடுங்குறவன்கிட்ட ஸ்குரூவைக் குடுத்தா கடலே உள்ள வந்து உக்காந்துக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். யெர்கோவும் கொஞ்சம் சிரித்தான். அன்று சாயங்காலம் நெவென்கா அவனிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டாள்.

நேற்று படகு மூன்றாம் முறையாக வந்தது. ஐந்து வாரமாக ஓட்டியது நெவென்கா. ஸ்குரூ மேல் நான் போட்ட சிவப்புக் கோடு கலையாமல் இருந்தது. ஆயில் மட்டும் வெளுத்திருந்தது.

இந்த முறை காற்றடிக்கவில்லை. உள்ளிருந்த காற்றை பம்ப் வைத்து உறிஞ்சினேன். தண்டைக் கையால் மெதுவாகச் சுற்றினேன். வெளிக்காற்று உள்ளே ஏற, முள் மளமளவென்று சுழியத்துக்குத் திரும்பியது. இந்தச் சோதனையை ஜூனிலேயே செய்திருக்கலாம். எனக்குச் சாதகமான பதில் கிடைத்ததும் நிறுத்திக்கொண்டவன் நான்.

சீல்களைக் கழற்றினேன். ஆயில் வெளியேறாமல் இருக்க ஒன்றின் விளிம்பு உள்பக்கம் பார்க்க வேண்டும். தண்ணீர் நுழையாமல் இருக்க மற்றது வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். நான் இரண்டையும் உள்பக்கமாகவே பொருத்தியிருந்தேன். உள்ளே காற்றடித்தால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். வெளியிலிருந்து வருவதைத் தடுக்க ஒன்றுமில்லை. முப்பது வருஷ அனுபவமாம்! என்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

புது சீல்களை ஒழுங்காகப் பொருத்தி இரண்டு விதமாகவும் சோதித்துப் படகை அனுப்பினேன். இன்று காலை பழைய சீல்களை எடுத்துக்கொண்டு அதே மீன் சந்தைக்குப் போனேன். நெவென்கா படகுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தாள். யெர்கோ சற்றுத் தள்ளி ஒரு மீன்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான். வலைக்காரர்களும் இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"தப்பு என்னோடது. சீலைத் திருப்பிப் போட்டது நான். யெர்கோ ஸ்குரூவைச் சரியாத்தான் முறுக்கியிருக்கான்."

யாரும் சிரிக்கவில்லை. நெவென்காவின் முகம் சிவந்துவிட்டது. பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள்.

"அண்ணா, பத்து மணி டிரிப்பை நீயே எடு."

அவன் சாவியைத் தொடவில்லை. என்னிடமிருந்து ஒரு சீலை வாங்கி, அதன் விளிம்பைத் தடவிப் பார்த்தான்.

"முறுக்கினது எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு, லோவ்ரே. ஆனா நீ சொன்னப்புறம் நானே என்னை நம்பல."

பிறகு தங்கையைப் பார்க்காமல் சொன்னான்.

"நீயே ஓட்டும்மா. நான் காலையிலயே குடிச்சிட்டேன்."

சீலை என்னிடம் திருப்பிக் கொடுத்தான். அவன் கை நடுங்கியது. வலைக்காரர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.