சேறில்லாமல் இறங்கிய புழுக்கள்

கடலை இரண்டே முறை பார்த்திருக்கும் நான், கடற்புழுவைப் பற்றிக் கதை எழுதத் துணிந்தமைக்கு வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

விருதுநகரில் பருப்பு மண்டி நடத்தும் சம்சுவின் மகள் முஹ்சினா, தூத்துக்குடியில் கடலுயிர் ஆராய்ச்சி செய்பவள். பெருநாளுக்கு வந்தவள், மடியில் ஆறு கண்ணாடிச் சாடிகளைத் தாங்கியபடியே பஸ்ஸில் வந்திருந்தாள். வாயில் துணி கட்டிய சாடிகளுக்குள் கடல்நீர். அதில் தூசுபோல நீந்தும் புழுக்குஞ்சுகள்.

"பருப்புல புழு விழுந்தா நாங்க கொல்லுறோம். நீ மடியில வச்சுச் சொமக்கிறே" என்றார் சம்சு.

"சிரிக்காதீக அத்தா. தோதான சேத்து வாடை படுற வரைக்கும் இதுக நீந்திக்கிட்டே திரியும். பட்டதும் கீழ இறங்கிப் பெரிய புழுவா மாறிரும். பூச்சியோட ஹார்மோன் மாதிரி ஒரு மருந்த விட்டா, சேறே வேண்டாம். திங்கக்கிழமை வெளிநாட்டுப் பேராசிரியர் முன்னால நான் அதச் செஞ்சு காட்டணும். அவருக்குப் பிடிச்சா மூணு வருசம் நார்வே."

"அதுவரைக்கும்?"

"நீந்தணும்."

மகள் விடுதிக்குப் போன நாளிலிருந்து, அந்தி சாய்ந்ததும் அவளுடைய மாடியறை விளக்கைச் சற்று நேரம் எரியவிட்டு அணைப்பது சம்சுவின் வழக்கம். மூன்று வருடம் என்றதும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. இருந்தும், "போயிட்டு வா தாயி" என்றார்.

சனிக்கிழமை முஹ்சினா தாயோடு ஆமத்தூருக்கு விருந்துக்குப் போயிருந்தாள். சாடித் துணியில் ஒரு வண்டு ஊர்வதைச் சம்சு கண்டார். மண்டிக்காரர் கை சும்மா இருக்குமா? மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் வண்டை வளரவிடாமல் தெளிக்கும் மருந்தை எடுத்து, ஆறு துணிகளையும் நனைத்து மறுபடி கட்டினார்.

ஞாயிறு காலையில் நீரில் ஒன்றும் நீந்தவில்லை. அத்தனையும் அடியில் நெளிந்துகொண்டிருந்தன. திங்கட்கிழமை மருந்து விட்டுக் காட்ட நீந்தும் குஞ்சும் இல்லை; மருந்து விடாத சாடி என்று ஒப்பிட்டுக் காட்டவும் ஒன்றுகூட மிஞ்சவில்லை. முஹ்சினா துணியை முகர்ந்தாள். டப்பாவைக் கொண்டுவரச் சொல்லிப் படித்தாள்.

"இதுவும் நான் விட இருந்த அதே சாதி மருந்துதான் அத்தா. துணியில இருந்து தண்ணியில சொட்டியிருக்கு."

"வண்டு விழுந்துருமேன்னுதான்ம்மா..."

"தெரியும்த்தா."

வண்டுக்காக மட்டுந்தானா என்று அவர் மனம் அவரையே கேட்டது. அன்று மாலை தூத்துக்குடி பஸ் ஏற வேண்டியவள் ஏறவில்லை; அந்தியில் அவர் போடாமலே மாடி விளக்கு எரிந்தது. எத்தனை நாள் ஏங்கிய வெளிச்சம்! படியேறத்தான் அவருக்குக் கால் வரவில்லை.

இழந்தவை: சாடிக்கு இருநூறாக ஆயிரத்து இருநூறு குஞ்சுகள், நான்கு மாத உழைப்பு, ஒரு திங்கட்கிழமை, நார்வேயில் மூன்று வருடம்.