ஒருமனதாக

கூட்ட மேசையின் நடுவில் ஒரு கறுப்பு வட்டம் இருக்கும். டீ சாஸர் அளவு. பேசுவதையெல்லாம் கேட்டு, கூட்டம் முடிந்ததும் சுருக்கம் எழுதி எல்லோருடைய போனுக்கும் அனுப்பும். அனுப்பியதும் ஒலிப்பதிவை அழித்துவிடும். நாங்கள் அதற்கு வைத்த பெயர் மாப்பிள்ளை. நடுவில் உட்கார்ந்திருக்கும், துரும்பை அசைக்காது, எல்லோரும் அதற்கு அடங்கித்தான் பேச வேண்டும்.

அது வந்த பிறகு கூட்டத்துக்கு யாரும் பேனா கொண்டுவருவதில்லை. "மாப்பிள்ளை பாத்துக்குவாரு" என்பார் மேனேஜர்.

எங்களுடையது லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி. எந்த மெக்கானிக் எந்தக் கட்டடத்துக்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புவது என் வேலை. அவர்களில் ஒருவர் என் தங்கையின் கணவர்.

அவர் பார்க்கும் கட்டடத்தில் ஒரு லிஃப்ட் பாதித் தளம் நழுவி நின்றது. உள்ளே இருந்தவருக்குக் கால் முறிந்தது. பிரேக் தேய்ந்திருந்தது. அது தங்கை கணவருக்கு முந்தின வாரமே தெரியும். மேனேஜருக்குப் போன் செய்து, லிஃப்டை நிறுத்திவிடலாம் என்று கேட்டார். மேனேஜர் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"சனிக்கிழமை வரைக்கும் ஓட்டுப்பா. பார்ட் வந்துரும்."

விசாரணைக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். எழுந்து நின்று சொன்னேன். சொந்தக்காரி என்பதற்காகச் சொல்லவில்லை, என் காதால் கேட்டேன், அதனால் சொல்கிறேன் என்றேன். உட்கார்ந்ததும், பக்கத்தில் இருந்த கணக்குப் பிரிவுப் பெண் மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்தாள். அவள் உள்ளங்கை வேர்த்திருந்தது.

"சொன்னேன், இல்லேங்கல" என்றார் மேனேஜர். "அதுக்காக எல்லாத்தையும் என் தலையில கட்டாதீங்க."

பேச்சு இன்சூரன்ஸுக்குப் போயிற்று. எங்கள் விற்பனைப் பிரிவு ஆளுக்கு ஆபீசில் ஆமாம்சாமி என்று பெயர். "மெக்கானிக்கோட கவனக்குறைவுன்னு போட்டா இன்சூரன்ஸ்காரன் கேள்வி கேக்காம பணம் குடுத்துருவான்" என்றான். யாரும் பதில் சொல்லவில்லை. எல்லோருக்கும் பசி. எழுந்து போனோம்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சுருக்கம் வந்தது. 'மெக்கானிக்கின் கவனக்குறைவே காரணம் எனக் கூட்டம் ஒருமனதாகக் கருதியது.'

நான் பேசியது அதில் இல்லை. முடிவுக்கு உதவாத பேச்சை அது விட்டுவிடும். பதில் இல்லாத இடத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும். அது இயந்திரம். அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

அன்று சாயங்காலமே தங்கை கணவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அனுப்பிய கடிதத்தோடு சுருக்கத்தையும் இணைத்திருந்தார்கள்.

தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் கதவைப் பாதிதான் திறந்தாள்.

"நீ அங்கதானேக்கா உக்காந்திருந்தே?"

"நான் பேசினேன்டி."

"ஒருமனதான்னு போட்டிருக்கு. அந்த ஒரு மனசுல உன் மனசும் சேத்தியா?"

"அது தப்பா எழுதியிருக்கு."

"ம். உங்க ஆபீஸ்ல மிஷின் மட்டும்தான் பொய் சொல்லுது, பாவம்."

மறுநாள் ஆமாம்சாமியைப் பிடித்தேன்.

"நான் எழுந்து நின்னு பேசினேனா இல்லையா?"

அவன் போனைத் தடவினான். "அதுல இல்லையே."

"அதுல இல்லடா. உன் காதுல விழுந்துச்சே!"

"ஏதோ சொன்னீங்க. இன்சூரன்ஸ் பத்தின்னு நெனைக்கிறேன். சொந்தக்காரர் பாருங்க, பேசின மாதிரி உங்களுக்கு இப்ப தோணுது."

எனக்குத் தோன்றுகிறதாம்!

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அக்கறையாகக் கேட்டார், தூங்குகிறேனா என்று. "நான் ஓட்டச் சொல்லியிருந்தா எனக்கு ஞாபகம் இருக்காதாம்மா?" என்று தன் போனை என் முன்னால் நீட்டினார். அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். கள்ளம் இல்லை. அதுதான் என்னை எரித்தது. பொய் சொல்கிறவனோடு சண்டை போடலாம். இவர் படித்ததை நம்பினார். தன் வாயால் சொன்னதை, தன் பல்லில் ஒட்டிய பிஸ்கட்டோடு சேர்த்து மறந்துவிட்டு, படித்ததை நம்பினார்.

கணக்குப் பிரிவுக்குப் போனேன்.

"நீ என் கையைப் பிடிச்சே."

"பிடிச்சேன்" என்றாள் உடனே. பிறகு புருவம் சுருங்கியது. "எதுக்குப் பிடிச்சேன்?"

"நீயே சொல்லு."

"தெரியலயே. சுருக்கத்தைப் பாத்தா, பிடிக்கிற மாதிரி அதுல ஒண்ணும் இல்ல."

மேனேஜரிடம் திரும்பிப் போனேன். எல்லோரையும் உட்கார வைத்து ஒரு தடவை கேளுங்கள் என்றேன். "தாராளமா" என்றார். அவருக்குப் பயமே இல்லை.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். நான் மாப்பிள்ளையைத் தூக்கினேன். கதவைத் திறந்து, வெளியே தண்ணீர் கேன்மேல் வைத்துவிட்டு வந்தேன்.

"போனையெல்லாம் கவுத்து வைங்க. அன்னிக்கு நான் என்ன பேசினேன்? சொல்லுங்க."

மேசையின் நடுவில் தூசி படியாத ஒரு வட்டம் தெரிந்தது. எல்லோரும் அதையே பார்த்தார்கள். பரீட்சையில் பிட்டைப் பறிகொடுத்தவர்கள் மாதிரி இருந்தார்கள். வளர்ந்த மனிதர்கள். ஒருவர் தொண்டையைச் செருமினார். ஆமாம்சாமி, "இதை யாரு குறிச்சுக்கிறது?" என்றான்.

"யாரும் குறிக்க வேண்டாம். யோசிடா."

மேசைக்கு அடியில் கையை நீட்டினேன். "பிடி" என்றேன். கணக்குப் பிரிவுப் பெண் தயங்கிவிட்டுப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் உள்ளங்கை வேர்த்தது.

"பயந்துதான் பிடிச்சேன்" என்றாள் மெதுவாக. "சாரை வச்சுக்கிட்டே சார் பேரைச் சொல்லிட்டாளே, இவ வேலை போச்சுன்னு."

"என் பேரையா?" என்றார் மேனேஜர்.

"ஆமா சார். நீங்ககூட, என் தலையில கட்டாதீங்கன்னு..."

மேனேஜர் சிரிக்கப் போனார். சிரிப்பு பாதியில் நின்றது. நெற்றியைத் தேய்த்தார்.

"சனிக்கிழமை" என்றார்.

அன்று அந்த அறையில் அந்தச் சொல்லை யாரும் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

"சனிக்கிழமை வரைக்கும் ஓட்டுன்னு... நான்தான் சொன்னேன்." அவர் குரல் இறங்கியிருந்தது. "அவனைக் கூப்பிடுங்க. நாளைக்கே வரட்டும். கட்டடக்காரங்ககிட்ட நான் பேசிக்கிறேன்."

"நான் அன்னிக்கே நெனச்சேன் சார்" என்றான் ஆமாம்சாமி.

"நீ நெனச்சியா?" என்றேன். "நெனச்சியா நீ?"

அவன் தண்ணீர் குடித்தான். மேனேஜரே எழுந்துபோய் மாப்பிள்ளையைக் கொண்டுவந்து அந்த வட்டத்தில் சரியாக உட்கார வைத்தார். குனிந்து, முடிவை மட்டும் அதனிடம் சொன்னார். எல்லோருக்கும் மூச்சு வந்தது.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது தங்கையிடமிருந்து போன்.

"அக்கா! அவரைத் திரும்ப எடுத்துக்கிட்டாங்க. இப்பதான் அவர் போனுக்குச் சுருக்கம் வந்துச்சு. ஒருமனதாவாம்! உங்க மேனேஜர் தங்கமானவர்க்கா. நான்தான் வாயில வந்தபடி திட்டிட்டேன்."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அக்கா? இந்தத் தடவையாச்சும் நீ ஏதாவது பேசினியா?"

"பேசினேன்."

அவள் திரையில் விரலை ஓட்டித் தேடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது.

"அதுல இல்லையே."

பஸ் வந்தது. என் வீட்டுப் பக்கம் போகும் பஸ். அதை விட்டுவிட்டுச் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றேன்.

"போனை வை. அங்கதான் வரேன்."

"இப்பவா? எதுக்கு?"

"சொல்றதுக்கு. கதவை முழுசாத் திற."